ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு நினைவு

கொல்லம் நகரத்துக்கு வயது என்ன என்பதில் படித்தவர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. ஆனாலும் விழா எடுத்தே தீருவது என்று நகரத்துப் பெரிய மனிதர்கள் முடிவு செய்துவிட்டார்கள். தோரணம், செண்டை மேளம், யானை, மந்திரி எல்லாம் வழக்கம்போல உண்டு. இந்த முறை கூடவே ஒரு புத்தகமும் சேர்ந்துகொண்டது. ராஜாக்களையும் கப்பல்களையும் மிளகு மூட்டைகளையும் பற்றி எழுத வேண்டியதெல்லாம் எழுதியாகிவிட்டது; இனி இந்த ஊரில் வாழ்ந்த சாதாரண ஜனங்கள் தங்கள் நினைவுகளைத் தாங்களே எழுதித் தரட்டும், தொகுத்து வெளியிடுவோம் என்று விழாக் கமிட்டி அறிவித்தது. சேகரிக்கும் வேலை அந்தந்தப் பகுதி வாசகசாலைகளின் தலையில் விழுந்தது.

கிளிகொல்லூர்ப் பகுதிக்கு ஸ்டான்லி. ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர், வாசகசாலையின் செயலாளர். யாரும் எழுதித் தர மாட்டார்கள், வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். நடந்தது நேர்மாறு. ஊரே எழுதியது. ஒரு வீட்டிலிருந்து அப்பா, அம்மா, மகன்கள், மருமகள் என்று எல்லாரும் ஒரே வெள்ளத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தார்கள். எல்லாருடைய தாளிலும் அதே பசுமாடு மிதந்து போனது. நொந்துபோன ஸ்டான்லி, ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு நினைவுதான், கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு வர வேண்டும் என்று விதி போட்டார்.

போட்ட பிறகுதான் அதில் இருந்த வினை புரிந்தது. இங்கே ரேஷன் கார்டு வீட்டுப் பெண்ணின் பெயரில் இருக்கிறது. சட்டம் மாறிச் சில வருஷம் ஆகிறது. ஆண்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அரிசி யார் பெயரில் வந்தால் என்ன, பொங்கிப் போடப்போவது எப்படியும் அவள்தான். நினைவு அப்படி அல்லவே.

"அப்போ அம்பது வருஷமா நான் பாத்ததெல்லாம் என் பொண்டாட்டி பாத்ததா ஆயிடுமாடா?" என்று ஒருவர் ஜெராக்ஸ் கடையில் வந்து சண்டை போட்டார்.

"ஆமாண்ணா. அவங்களுக்குத் தெரியாம நீங்க ஏதாவது பாத்திருந்தீங்கன்னா அதை மட்டும் எழுதாதீங்க. அச்சுல வந்தா வீட்டுல சோறு கிடைக்காது" என்றார் ஸ்டான்லி.

இந்த விதியால் அதிகம் அடிபட்டவர் திவாகரன். முந்திரி ஆலையில், ஊரார் வாயில் அண்டியாபீஸில், வறுப்புத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சங்கத்தின் கிளைச் செயலாளராகப் பல காலம் இருந்ததால் ஊருக்கு அவர் இன்றும் தோழர்தான், சகாவு திவாகரன். அவரிடம் ஒரு கதை இருந்தது. எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், முதலாளி பச்சை முந்திரியை லாரியில் ஏற்றி, கூலி குறைவான கிழக்கத்தி ஊர்களுக்கு ஆரியங்காவு வழியாகக் கடத்தப் பார்த்தார். தொழிலாளிகள் ஆலை வாசலில் உட்கார்ந்து லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், தேர்தல் கூட்டத்தில் என்று திவாகரன் அதைச் சொல்லாத இடம் கிடையாது. நகரத்தின் புத்தகத்தில் அது ஏறாவிட்டால் வேறு எது ஏறும்? பக்கம் பக்கமாக எழுதினார். அவர் கையெழுத்து சுவரெழுத்து எழுதிப் பழகிய கையெழுத்து. முத்து முத்தாக இருக்கும். எழுதி முடித்து, விதிப்படி தாளின் தலையில் மனைவியின் பெயரைப் போட்டு, ஸ்டான்லியிடம் கொடுத்துவிட்டார்.

ஸ்டான்லி கையெழுத்து வாங்க வந்தபோது கமலாக்ஷி முற்றத்தில் உட்கார்ந்து மத்தி மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். எழுபது தாண்டிய பெண். ஒல்லி. காது நன்றாகக் கேட்கும். அது வீட்டில் உள்ளவர்களுக்குச் சில சமயம் தொந்தரவு.

"சேச்சி, இதுல ஒரு கையெழுத்துப் போடணும்."

"என்ன இது, ஆட்டுக்குட்டி லோனா?"

"இல்ல சேச்சி. உங்க நினைவு."

"என் நினைவா? அது யார்கிட்ட இருந்தது?"

"என்கிட்ட இருந்தது" என்றார் நாற்காலியில் இருந்த திவாகரன். "மீன் கையைக் கழுவிட்டுப் போடு. தாள்ல கவிச்சி ஏறிடப் போகுது."

"படிச்சுக் காட்டு, ஸ்டான்லி. என் நினைவுன்னா எனக்கும் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?"

ஸ்டான்லி படித்தார். நல்ல குரல் அவருக்கு, தேவாலயத்தில் பாடுகிறவர். கமலாக்ஷி மீனின் வயிற்றைக் கீறியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். 'சீறி வந்த லாரியின் பானெட் மேல் பாய்ந்து ஏறி, முஷ்டி உயர்த்தி நான் முழங்கினேன்' என்ற இடம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் எப்போ லாரி மேல ஏறினேன்?"

"நீ இல்லடீ. நான்" என்றார் திவாகரன்.

"மேல என் பேரு போட்டிருக்குதே."

"அது ஒரு சம்பிரதாயத்துக்கு, சேச்சி" என்றார் ஸ்டான்லி.

"சரி, என் பேரை விடு. இவரு ஏறினாரா? இவரு அன்னைக்கு எங்க இருந்தாருன்னு கேட்டுச் சொல்லு."

திவாகரன் கையிலிருந்த, பால் விடாத கட்டஞ்சாயாவைக் குடிக்கத் தொடங்கினார். ஆறிப்போன சாயா. அதை அவ்வளவு ஊதிக் குடித்திருக்க வேண்டியதில்லை.

"கொண்டு போ ஸ்டான்லி. நான் போட மாட்டேன்" என்றாள் கமலாக்ஷி. "மீன் வேணும்னா ரெண்டு எடுத்துட்டுப் போ."

சனிக்கிழமைக்குள் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று ஸ்டான்லி சொல்லிப் பார்த்தார். அவள் மீனை இலையில் கட்டிக் கொடுத்தாள்.

கமலாக்ஷி அண்டியாபீஸுக்குப் போகத் தொடங்கியபோது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முந்திரி உடைத்து அம்மாவின் கூடையில் போடுவாள். அதிகாரி யாராவது சோதனைக்கு வந்தால் பிள்ளைகளையெல்லாம் சாக்குகளுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள்; அதிகாரி போனதும் வெளியே வந்து மறுபடி உடைக்க வேண்டும். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. அதிகாரிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். சாக்குகளுக்கு மேலே தெரிந்த தலைகளை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆலையில் இரண்டு கொட்டகைகள். தல்லுக் கொட்டகையில் வறுத்த முந்திரியைக் கல்லின் மேல் வைத்து மரக்கொட்டாப்புளியால் தட்டி ஓட்டை உடைப்பார்கள். ஓட்டிலிருந்து எண்ணெய் தெறிக்கும். கையெல்லாம் கரியாகும், தோல் வெந்து உரியும். சாம்பலைப் பூசிக்கொண்டு வேலை செய்வார்கள். சோற்றைப் பிசைந்தால் சோறு கசக்கும். பக்கத்துப் பீலிங் கொட்டகையில், உடைத்து எடுத்த பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் செந்தோலை உரிப்பார்கள். அங்கே கை சுத்தமாக இருக்க வேண்டும். யார் எங்கே உட்காருவது என்பதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் தல்லில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் புலையர், குறவர்; கமலாக்ஷியும் அவள் அம்மாவும் அங்கேதான். பீலிங்கில் உட்கார்ந்தவர்கள் நாயர், ஈழவர், பழைய கிறிஸ்தவர். கைத்திறமையைப் பார்த்துப் பிரித்தோம் என்று மேஸ்திரி சொல்லுவார். கைத்திறமை எப்படிச் சாதி பார்த்துப் பிறக்கிறது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

கொட்டகைக்கு ஒரு தண்ணீர்க் குடம். தல்லுக் கொட்டகைக் குடம் வறுப்பு உருளைக்குப் பக்கத்தில் இருந்தது. மதியத்துக்குள் சுடும், அதற்குள் காலியும் ஆகிவிடும். பீலிங் கொட்டகைக் குடம் நிழலில் இருந்தது. தல்லுக்காரிகள் அதைத் தொடக்கூடாது. தாகம் என்றால் வாசலில் நின்று தகரக் குவளையை நீட்ட வேண்டும். உள்ளே இருந்து யாராவது மேலே இருந்து ஊற்றுவார்கள். சாதியா? சேச்சே, கேரளத்தில் அதெல்லாம் இருக்கிறதா? உங்கள் கையில் எண்ணெய்க் கறை, குடத்தில் பட்டால் தண்ணீரில் கலந்துவிடும், குடிக்கிறவர்கள் வாய் வெந்துபோகும். இதுதான் காரணம். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். கமலாக்ஷிக்கும் பல வருஷம் நியாயமாகத்தான் தோன்றியது.

லாரி வந்த அன்று இரண்டு கொட்டகைப் பெண்களும் வாசலில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. முன்வரிசையில் இருந்த பீலிங் பெண்களைக் கையைப் பிடித்து இழுத்து ஓரமாக எறிந்தார்கள். பின்வரிசைக்கு வந்தபோது, தல்லில் இருந்து அப்படியே எழுந்து வந்த பெண்கள், கழுவாத கையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரன் கமலாக்ஷியின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் விட்டான். உள்ளூர்க்காரனான இன்னொருவன் கத்தினான்: "தொடாதீங்கடா! அண்டிநெய்! கை வெந்துடும்!"

அதற்குமேல் ஒருவனும் கிட்டே வரவில்லை. தலைமுறை தலைமுறையாக இவர்களைத் தொடாமல் இருந்தவர்கள் அன்றும் தொடவில்லை. ஆனால் அன்றைக்குப் பயந்தது அவர்கள்.

கமலாக்ஷிக்கு அப்போதுதான் மண்டையில் பொறி தட்டியது. ஓடிப்போய் வறுப்பு உருளைக்கு அடியில் எண்ணெய் வடியும் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓரமாக விழுந்து கிடந்த பீலிங் பெண்களிடம், "கையை நீட்டுங்கடீ!" என்று கத்தினாள். அவர்கள் தயங்கினார்கள். முதலில் நீட்டியவள் சுபத்ரம்மா. நாயர் வீட்டுப் பெண், கமலாக்ஷியைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவள் உள்ளங்கையில் கமலாக்ஷி தன் கையால் எண்ணெயைப் பூசினாள். பிறகு எல்லாக் கைகளும் நீண்டன. கரி பிடித்த கைகளை உயர்த்திக்கொண்டு எல்லாப் பெண்களும் மறுபடி வாசலில் உட்கார்ந்தார்கள். போலீஸ் மரத்தடிக்குப் போய் நின்றது. லாரி ஓட்டுநர் செங்கோட்டைக்காரர், என்ஜினை அணைத்துவிட்டு, "இந்தக் கையை மிதிச்சு ஓட்டிட்டுப் போயி நான் எந்தக் கையால சோறு திங்கறது?" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்தார். பொழுது சாய்வதற்குள் மூட்டைகள் இறங்கின.

மறுநாள் ஆலை ஓடியது. பீலிங் பெண்களின் கையில் கறை. அந்தக் கறை லேசில் போகாது. பருப்பு கறுத்துவிடும் என்று மேஸ்திரி அவர்களைப் பருப்பைத் தொடவிடவில்லை. அந்த வாரக் கூலியை அவர்கள் இழந்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மதியம் கமலாக்ஷி தாகத்தோடு போனபோது, சுபத்ரம்மா கறுத்த கையால் குடத்தின் கழுத்தைப் பிடித்துச் சாய்த்துத் தண்ணீர் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். கமலாக்ஷி நேராக உள்ளே போய்க் குடத்தில் கை வைத்தாள். நேற்றைக்கு ஒன்றாக உட்கார்ந்த கூட்டம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"குடத்தைத் தொடாதே, கமலாக்ஷி. கையில கறை" என்றாள் ஒருத்தி.

அதே எண்ணெய். அதே தகரத்தில் இருந்து வந்தது. இரண்டு கையிலும் பூசியது ஒரே கை. ஒரு கறை குடத்துக்குள் போகலாம், இன்னொரு கறை போகக்கூடாது. எண்ணெய்தான் காரணம் என்ற வாதம் அன்றோடு செத்துப்போனது. குடம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. கமலாக்ஷி வாசலுக்கு வந்து குவளையை நீட்டினாள். ஊற்றினார்கள். குடித்தாள். தாகம் அப்படி.

இதெல்லாம் நடந்தபோது திவாகரன் அம்மை போட்டுப் படுக்கையில் இருந்தார். கடவுள் இல்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்தான். ஆனாலும் அவருடைய அம்மா வேப்பிலையை விரித்து, அதன் மேல் அவரைக் கிடத்தி, வெளியே தலை காட்டவிடவில்லை. லாரியின் நிறம்கூட அவருக்குத் தெரியாது. எல்லாம் கமலாக்ஷி சொல்லிக் கேட்டதுதான். உடம்பு தேறி வந்த புதிதில் 'நம்ம பெண்கள் மறித்தார்கள்' என்றுதான் மேடையில் சொன்னார். கொஞ்ச காலத்தில் அது 'நாங்கள் மறித்தோம்' ஆனது. கமலாக்ஷி ஓய்வு பெற்ற வருஷம் 'நான் முன்னால் நின்றேன்' ஆனது. பானெட் மேல் ஏறியது சமீபத்தில்தான். அவர் பொய்யர் இல்லை. சொல்லிச் சொல்லி, தான் சொன்னதையே கேட்டுக் கேட்டு, படுக்கையில் இருந்து எழுந்து மெல்ல நடந்து லாரி வரை வந்து சேர்ந்துவிட்டார்.

கமலாக்ஷி இதற்கெல்லாம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. மேடையில் அவர் பேசினால் கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொள்வாள். வாயால் சொல்வது காற்றோடு போகும். இது அச்சு, அதுவும் அவள் பெயரில். தன் பெயரில் வரும் புத்தகத்தில் லாரி திரும்பிப் போனதோடு எல்லாம் சுபமாக முடிந்துவிட்டால், அந்த மறுநாள் நடக்கவே இல்லை என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகும். அவளுக்கு வேண்டியது அந்த மறுநாள் ஒன்றுதான்.

திவாகரன் முதலில் முறைத்துக்கொண்டு படுத்தார். பிறகு பழம்பொரி வாங்கி வந்தார். கமலாக்ஷி பழம்பொரியைச் சாப்பிட்டாள்; பேச்சு மாறவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அவரே இறங்கி வந்தார்.

"சரி. நீ சொல்லு, நான் எழுதறேன். உன் வாய், என் கை. ஊருக்கு ஒரு நல்ல விஷயம் போகணும், அவ்வளவுதான்."

"சொன்னதை எழுதணும். நடுவுல முழங்கக் கூடாது."

புதுத் தாள் எடுத்தார். கமலாக்ஷி தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினாள். சாக்குக்குப் பின்னால் ஒளிந்ததைச் சொன்னாள். இரண்டு கொட்டகை, இரண்டு குடம், வாசலில் நீட்டிய குவளை எல்லாவற்றையும் சொன்னாள். அது ஆலையின் பழைய வழக்கம். திவாகரன் தலையாட்டிக்கொண்டே எழுதினார். லாரி வந்தது.

"என் வீட்டுக்காரர் அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தார். எழுதுங்க."

"அது எதுக்குடீ? அதுக்கும் நகர வரலாத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்க எங்கேன்னு படிக்கறவங்க தேடுவாங்க இல்ல?"

"உடல்நலம் குன்றியிருந்தார்னு போடவா?"

"அம்மை. வேப்பிலையும் போடுங்க."

"வேப்பிலை வேண்டாம் கமலாக்ஷி. கட்சிக்காரங்க படிப்பாங்க."

"சரி, வேப்பிலையை விட்டுத் தரேன். அம்மை இருக்கட்டும்."

எழுதினார். போலீஸ்காரன் கையை விட்டது, எண்ணெய்த் தகரம், சுபத்ரம்மா நீட்டிய கை, செங்கோட்டைக்காரரின் பீடி எல்லாம் வந்தன. எழுதிக்கொண்டே வரும்போது திவாகரனுக்கே சுவாரசியம் தட்டிவிட்டது. "இந்தப் போலீஸ்காரன் கத்தின இடம் நல்லாருக்குடீ. இதை நான் இத்தனை நாள் விட்டுட்டேனே" என்றார். லாரி திரும்பியது. முற்றுப்புள்ளி வைத்து, பேனாவை மூடினார்.

"மூடாதீங்க. மறுநாள் இருக்கு."

அவர் முகம் மாறியது. "எந்த மறுநாள்?"

"உங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கு சாயங்காலமே வந்து உங்க கட்டில் பக்கத்துல உக்காந்து அழுதேனே. அப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

திவாகரன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சகாவே. மேடையில தண்ணி மாதிரி வருமே."

"இப்போ கிளப்பாதேன்னு சொன்னேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... அப்பதான் எல்லாரும் ஒண்ணா நின்னிருக்காங்க. ஒரு குடத்துக்காக ஒத்துமை உடையணுமா? முதல்ல கூலிப் பிரச்னை தீரட்டும், அப்புறம் ஒவ்வொண்ணா எடுக்கலாம்னு சொன்னேன். அதுல என்ன தப்பு? மேல்கமிட்டியும் அதைத்தான் சொல்லியிருக்கும்."

"அப்புறம் எப்போ எடுத்தீங்க?"

வெளியே ஆடு ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. திவாகரன் அதைப் பார்த்தார்.

"நான் ரிடையர் ஆகற வரைக்கும் குவளையை நீட்டினேன்" என்றாள் கமலாக்ஷி. "நடுவுல பிளாஸ்டிக் குடம் வந்துச்சு. மண்குடம் போயி பிளாஸ்டிக் குடம் வந்ததை முன்னேற்றம்னு நீங்க கூட்டத்துல பேசினீங்க. எழுதுங்க."

"இதை எழுத முடியாது."

"ஏன்?"

"சங்கத்தைக் கேவலப்படுத்தறது இது. அந்தப் பொம்பளைங்க பாதிப்பேர் இன்னும் உசிரோட இருக்காங்க. சுபத்ரம்மா தெருமுனையில இருக்கா. தினம் முகத்துல முழிக்கணும்."

"நானும் தினம் அவங்க முகத்துலதான் முழிக்கறேன். நான் சொல்லுறதுல ஒரு சொல்லு பொய்யா?"

"பொய்யில்ல. அதுதானே கஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் திவாகரன் பேனாவைத் தாளின் மேல் வைத்து எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கமலாக்ஷி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகாதவள் அவள். ஊரெல்லாம் எழுத்தறிவு இயக்கம் நடந்த காலத்தில், நாற்பது வயதில், ஆலையில் இருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து. படிப்பது சரளம். எழுதுவது, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி உடைத்து எடுக்க வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். திவாகரனின் முத்துக் கையெழுத்துக்குக் கீழே, கோணலும் மாணலுமாக, பெரிது பெரிதாக எழுதத் தொடங்கினாள். பீலிங் பெண்களுக்கு ஒரு வாரக் கூலி போனதை முதலில் எழுதினாள். பிறகு குடம். பிறகு, இப்போது கிளப்பாதே என்று கணவர் சொன்னது. சுபத்ரம்மா குடித்ததை எழுதும்போது பெயரைப் போடலாமா என்று யோசித்தாள். எண்ணெய்க்குக் கையை நீட்டிய இடத்தில் பெயர் இருக்கிறது. இங்கே மட்டும் எடுத்தால் அது நியாயமில்லை என்று போட்டாள். 'தொடாதே' என்று சொன்னது யார் என்று அவளுக்கு இன்றும் நிச்சயமில்லை. அதனால் 'ஒருத்தி' என்று எழுதினாள். கடைசி வரியை ஒட்டி, இடைவெளியே விடாமல், கையெழுத்தைப் போட்டாள்.

சனிக்கிழமை காலை ஸ்டான்லி வந்து வாங்கிக்கொண்டு போனார். ஜெராக்ஸ் கடையில் நின்றபடி முழுவதையும் படித்துவிட்டு, அன்றைக்கு முதலில் வந்த வாடிக்கையாளரிடம் மீதிச் சில்லறை கொடுக்க மறந்துவிட்டார் என்று பிறகு கேள்வி.

ஒரு மாதம் கழித்துக் கமிட்டியிலிருந்து ஸ்டான்லிக்குப் போன். பேசியவர் புத்தகத்தைத் தொகுக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர்.

"ஸ்டான்லி, இந்தக் கமலாக்ஷியோட கட்டுரை பிரமாதம். எண்ணெய் பூசற இடம் புல்லரிக்குது. கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துடலாமா? விழா நேரம் பாரு. அதுவுமில்லாம, முடிவு கொஞ்சம் தொங்குது."

"எடுக்கலாம் சார். ஆனா கையெழுத்து அந்தப் பத்திக்குக் கீழதான் இருக்கு. புதுசா ஒரு கையெழுத்து வாங்கணும்."

"வாங்கிடேன்."

"நான் ஒரு தடவை போனேன் சார். மீன் கொடுத்து அனுப்பிட்டாங்க. இந்த முறை நீங்க வாங்க, நான் வீட்டைக் காட்டறேன்."

பேராசிரியருக்கு ஆயிரம் வேலை. பத்தி அப்படியே அச்சாகிவிட்டது. தலைப்பு போடும் உரிமை தொகுப்பாளருக்கு உண்டு என்பதால், 'ஒன்றுபட்ட கைகள்' என்று அவர் ஒரு தலைப்புப் போட்டு மனதை ஆற்றிக்கொண்டார்.

விழா நடந்தது. யானை வந்தது. மந்திரி வந்து, தனக்குக் கொடுத்த புத்தகத்தைத் திறக்காமல் உதவியாளரிடம் கொடுத்தார். எழுதியவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பிரதி. கமலாக்ஷி தலைப்பைப் பார்த்தாள், கடைசிப் பத்தி இருக்கிறதா என்று பார்த்தாள், புத்தகத்தைப் பெட்டியில் வைத்தாள். திவாகரன் அதை எடுத்து யாருக்கும் காட்டவில்லை. அவருக்கு அது பழக்கமில்லாத அடக்கம்.

அந்த வாரமே சுபத்ரம்மா வந்தாள். எண்பதை நெருங்கும் வயது. குடையை ஊன்றிக்கொண்டு, வாசகசாலைப் பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வாசல்படியில் நின்றாள், உட்காரவில்லை.

"எடீ கமலாக்ஷி, என் பேரைப் போட்டிருக்கே."

"ஆமா சேச்சி. முதல்ல கையை நீட்டினது நீங்கதானே."

"அது இருக்கட்டும். அதுக்கப்புறம் இன்னொரு தடவை போட்டிருக்கியே. என் மருமக நடுவீட்டுல உக்காந்து சத்தமாப் படிக்கறா. லாரி வரைக்கும் எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் படிச்சுட்டுத் தலை தூக்கி, 'அம்மே, நீங்க எந்தக் குடத்துல குடிச்சீங்க?'ன்னு கேக்கறா."

"என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? எங்க குடத்துலதான்னு சொன்னேன். அச்சுல இருக்கறதை இல்லைன்னு சொல்லவா?"

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சோறு எடுத்து வைக்கப் போயிட்டா." சுபத்ரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "எத்தனை வருஷம் ஆச்சு! இப்போ போயி இதைக் கிளறணுமாடீ? எனக்கு ஒரு வாரக் கூலி போச்சே, கையெல்லாம் கொப்புளம் போட்டுச்சே, அதை எழுதினியா நீ?"

"எழுதியிருக்கேன். குடத்துக்கு மேலேயே இருக்கு, பாருங்க."

சுபத்ரம்மா பக்கத்தைத் திறந்து தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை. தெரிந்ததோ தெரியவில்லையோ, மூடிவிட்டாள். அவள் கோபம் இடம் தேடியது. நாற்காலியில், செய்தித்தாளுக்குப் பின்னால் திவாகரன் இருந்தார்.

"சகாவே! இத்தனை காலமா நீங்களும் இந்தக் கதையைச் சொல்றீங்க. ஒரு தடவையாவது இந்தக் குடம் வந்திருக்கா? எவ்வளவு மரியாதையா முடிப்பீங்க! இது யாரு வேலை? இவளுக்கு எழுதிக் கொடுத்தது யாரு?"

செய்தித்தாள் இறங்கியது. திவாகரன் சுபத்ரம்மாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஓடி ஒளிய அந்த வீட்டில் கட்டிலும் இல்லை, வேப்பிலையும் இல்லை.

"எழுதினது நான்தான்" என்றார். "எல்லாம் என் கையெழுத்து."

பழியைத் தாங்கிக்கொள்ள முன்வந்தாரா, வழக்கம்போல முன்னால் வந்து நின்றுகொண்டாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"குடத்தை எழுதினது நான்" என்றாள் கமலாக்ஷி. "லாரியை வேணும்னா நீங்க வெச்சுக்குங்க, பானெட்டோட. இதைக் கேக்காதீங்க."